ஈசூன் பழைய வீட்டில் மரத்தரை: இரண்டு வருடம் நடந்து பார்த்த பிறகு

மரத்தரை போட்டு வரும் மாதத்தோடு இரண்டு வருடம். போடுவதற்கு முன்னால் நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தேடியபோது கிடைத்ததில் பாதி கடைக்காரர்கள் எழுதியது, மீதி குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதியது, நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும், விளக்கேற்றி எண்ணெய் சிந்தும் வீட்டுக்கும் ஒத்துவருமா என்று சொல்ல ஆளில்லை. அதனால் இப்போது யாராவது சாவியை வாங்கிவிட்டு தரைக்கு என்ன போடுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தால் இது அவர்களுக்கு.

எங்களுடையது சிங்கப்பூர் ஈசூனில் எண்பதுகளில் கட்டிய நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, மறுவிற்பனையில் வாங்கியது. இரண்டு படுக்கையறையில் பழைய பார்க்கே, அதாவது சின்னச் சின்ன மரத்துண்டுகளை ஒட்டிய தரை, இருந்தது, கறுத்து, பாலிஷ் போய், ஜன்னலோரத்தில் நாலைந்து துண்டுகள் பெயர்ந்து. வரவேற்பறையிலும் சின்ன அறையிலும் முந்தைய வீட்டுக்காரர் ஒட்டிய வெள்ளை டைல்ஸ், பாதி வெடிப்பு. இப்போது படுக்கையறைகளில் அதே பழைய பார்க்கே, இழைத்து வார்னிஷ் அடித்தது. வரவேற்பறையிலும் சின்ன அறையிலும் தேக்கு மேல்பலகை வைத்த என்ஜினியர்ட் மரம். பார்க்கேக்கு முழு மதிப்பெண். தேக்கு நல்லது, மறுபடி வாங்குவேன். அதைப் போட்டுக் கொடுத்த கடையை யாருக்கும் சொல்ல மாட்டேன், காரணம் கீழே இருக்கிறது.

முதலில் கடைக்குப் போகும் கதை. சுங்கை காடுட் பக்கம் ரெண்டு மூன்று, உபி பக்கம் ரெண்டு என்று ஐந்து கடை ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் நடப்பது ஒன்றுதான். நீங்கள் உள்ளே நுழைந்ததும் சேலைக்கடையில் விரித்துப் போடுவது மாதிரி பலகை பலகையாக எடுத்து மேசையில் பரப்புவார்கள், இது தேன் நிறம், இது புகை நிறம், இதுதான் இப்போது எல்லாரும் கேட்கிறார்கள் என்று. நாமும் நிறத்தில் மயங்கி நிற்போம். நான் மூன்றாவது கடையில்தான் விழித்துக்கொண்டேன். பட்டு வாங்கும்போது முந்தானையை மட்டும் பார்த்து வாங்குவோமா, திருப்பி உள்பக்கம் பார்க்க மாட்டோமா? பலகையையும் அப்படித்தான், கையில் எடுத்து அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். எல்லாமே அங்கே எழுதியிருக்கும்.

மேலே இருந்து பார்த்தால் மரம் மாதிரியே இருக்கும் நாலு பொருளையும் கடையில் ஒரே வரிசையில் வைத்திருப்பார்கள். லேமினேட் என்பது அழுத்திய மரத்தூள் பலகை, அதன்மேல் மரத்தின் படம் அச்சடித்த தாள், அதற்குமேல் கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. இப்போது எங்கும் விற்கும் எஸ்பிசி வினைல் என்பது சுண்ணாம்புக்கல் தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்து அழுத்தியது, அதன்மேலும் படம்தான், ஆனால் தண்ணீருக்குப் பயப்படாது. என்ஜினியர்ட் மரம் என்பது கீழே பிளைவுட், மேலே நிஜமான மரத்தின் ஒரு படலம். கடைசியாக முழு மரம், மேலிருந்து கீழ்வரை ஒரே பலகை. வினைலைக் குறை சொல்ல மாட்டேன், என் தங்கை வீட்டில் அதுதான், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அவள் நிம்மதியாக இருக்கிறாள். ஆனால் அதை மரம் என்ற பெயரில் விற்கும்போது கோபம் வருகிறது. ஒரு கடையில் 'தேக்குத் தரை' என்று சொல்லி அரை மணி நேரம் பேசியவரிடம் வெட்டுமுகத்தைக் காட்டி இதில் தேக்கு எங்கே என்று கேட்டால், தேக்கு 'நிறம்' என்றார்.

சரி, என்ஜினியர்ட் மரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் கடைசியில் அங்கேதான் வந்து நிற்போம். இதில் கேட்க வேண்டிய முதல் கேள்வி மேலே இருக்கும் மரப் படலம் எத்தனை மில்லிமீட்டர் என்பது. பலகையின் மொத்த கனத்தைச் சொல்லித் தப்பிப்பார்கள், 14, 15 என்று. அது பிளைவுட்டும் சேர்ந்த கணக்கு. மேல் மரம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம், 2 இருக்கலாம், 4 இருக்கலாம், சிலதில் 6 வரை வரும். மரத்தரை பழசானால் மெஷின் வைத்து மேல்பரப்பைத் தேய்த்து இழைத்தால் மறுபடி புதுசு. ஒருமுறை இழைத்தால் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை போய்விடும். ஆக 1 மில்லிமீட்டர் படலம் வாங்கினால் அதை இழைக்கவே முடியாது, கீறல் விழுந்தால் விழுந்ததுதான், அதற்கு வினைலே போதும். 4 மில்லிமீட்டர் என்றால் அந்தத் தரைக்கு இரண்டு மூன்று ஆயுள். இரண்டுக்கும் விலை வித்தியாசம் எனக்குச் சொன்னது சதுர அடிக்கு மூன்றரை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நிறத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்வதை விட்டுவிட்டு இந்த மூன்றரை வெள்ளிக்காக வீட்டில் சண்டை போடுங்கள், நான் போட்டேன்.

எந்த மரம் என்பதில் எனக்கு முதலிலிருந்தே ஒரு சாய்வு இருந்தது, அதை மறைக்கவில்லை. அம்மாவுக்குப் பூர்வீகம் காரைக்குடிப் பக்கம். அங்கே செட்டியார் வீடுகளில் பர்மாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த தேக்குத் தூண்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர், நூறு வருடம் தாண்டியும் உளுக்காமல் நிற்பவை. சின்ன வயதில் லீவுக்குப் போகும்போது அந்தத் தூணைக் கட்டிப்பிடித்து நின்ற குளிர்ச்சி எனக்கும் கையில் இருக்கிறது. ஆனால் ஆசை வேறு கணக்கு வேறு என்று ஓக், மெர்பாவ் என்ற மற்ற இரண்டு மரங்களையும் நேர்மையாகவே பார்த்தேன்.

மரத்தின் கடினத்தை அளக்க ஜாங்கா என்று ஓர் அளவு இருக்கிறது, 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதி அமிழும்வரை மரத்தில் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்பது. தேக்கு சுமார் 1,070 பவுண்டு, வெள்ளை ஓக் சுமார் 1,350, மெர்பாவ் 1,700க்கு மேல். இதைப் பார்த்தால் தேக்குதான் கடைசி. கடைக்காரரும் அதைச் சொல்லித்தான் ஓக்கைத் தள்ளப் பார்த்தார். ஆனால் நம் ஊரில் குழி விழுவதைவிடப் பெரிய தொல்லை மரம் ஊதுவதும் சுருங்குவதும். பச்சை மரம் முழுக்கக் காயும்போது வெள்ளை ஓக் அகலத்தில் 10 சதவீதம் போலச் சுருங்கும், தேக்கு 5 சதவீதம் போலத்தான். காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போதும் இதே விகிதத்தில்தான் பலகை அசையும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது, கரையானும் வைரம் பாய்ந்த தேக்கை அவ்வளவு சீக்கிரம் தொடாது. மெர்பாவும் அசைவில் தேக்குக்குக் குறைந்ததில்லை, இன்னும் கடினம், விலையும் பரவாயில்லை, ஆனால் ஈரம் பட்டால் செம்பழுப்பாகச் சாயம் விடும், வெள்ளைச் சுவர் இருக்கும் வீட்டில் எனக்கு அந்தப் பயம் வேண்டாம்.

பர்மா தேக்கு என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள். மியன்மார் 2014 ஏப்ரலிலேயே முழு மரத்தடிகளை ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. அறுத்த மரம் வந்துகொண்டிருந்தது, ஆனால் 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு அமெரிக்கா அங்குள்ள அரசு மர நிறுவனத்தின்மேல் தடை போட்டது. அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பது எனக்கு முக்கியம், அதனால் நான் ஜாவாவில் தோட்டத்தில் வளர்த்த தேக்கை எடுத்தேன், காட்டை அழிக்காமல் எடுத்த மரம் என்று சொல்லும் எஃப்எஸ்சி சான்றிதழோடு. இளந்தேக்கில் வெளுத்த வெளிமரம் அதிகம் வரும், அதில் எண்ணெயும் குறைவு, ஆகவே பெட்டியைப் பிரித்துப் பார்த்து வெளுப்புப் பட்டை நிறைய உள்ள பலகைகளை ஒதுக்கச் சொன்னேன். முகம் சுளித்தார்கள், ஆனால் மாற்றித் தந்தார்கள்.

இனி காற்று. சிங்கப்பூரில் ஈரப்பதம் வருடம் முழுக்க சராசரி 80 சதவீதத்துக்கு மேல். அந்தக் காற்றில் கிடக்கும் மரம் தன் எடையில் 15, 16 சதவீதம் தண்ணீரை வைத்துக்கொள்ளும். ஏர்கான் போட்ட அறையில் ஈரப்பதம் 60க்கு இறங்கினால் மரத்தின் ஈரமும் 11க்கு இறங்கும். ராத்திரி எட்டு மணி நேரம் ஏர்கான், பகலில் ஜன்னல் திறப்பு, இப்படித்தானே நாம் இருக்கிறோம்? தரை தினமும் மூச்சு வாங்கி விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் சுவரோரம் 10 மில்லிமீட்டர் போல இடைவெளி விட்டு அதை ஸ்கர்ட்டிங்கால், அதாவது சுவரடியில் ஓடும் பட்டையால், மூடுகிறார்கள். பலகைகள் வந்ததும் பெட்டியைத் திறந்து உங்கள் வீட்டுக் காற்றிலேயே சில நாள் கிடத்த வேண்டும் என்று சொல்வதும் அதற்குத்தான். மழைக்காலத்தில் எங்கள் தரை வழவழவென்று ஒட்டிக் கிடக்கும், பிப்ரவரி வறட்சியில் இரண்டு மூன்று இடத்தில் மெல்லிய கோடு தெரியும், அப்புறம் தானே மூடிக்கொள்ளும். அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

இப்போது கடை செய்தது. டைல்ஸைப் பெயர்த்துவிட்டு சிமெண்டு ஸ்க்ரீட், அதாவது தரையைச் சமப்படுத்தும் சிமெண்டுப் பூச்சு, புதிதாகப் போட்டோம். வீவக விதிப்படி ஸ்க்ரீடும் மேலே போடும் தரையும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, எங்களுக்கு ஸ்க்ரீட் 35, பலகை 14, கிட்டத்தட்ட எல்லைக்கே வந்துவிட்டது. (டைல்ஸ் உடைப்பது வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும்தான், சனி ஞாயிறு கூடாது, வீவக பட்டியலில் உள்ள ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும், இதையெல்லாம் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.) சிமெண்டு ஸ்க்ரீட் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் காயும் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு, அதுவும் நல்ல காற்றோட்டத்தில். 35 மில்லிமீட்டருக்கு 35 நாள். கடைக்காரர் பன்னிரண்டாம் நாள் ஆட்களை அனுப்பிவிட்டார், சின்ன அறையில் முதலில் ஆரம்பிக்கலாம் என்று.

பலகை ஒட்ட வந்த தம்பி புதுக்கோட்டைக்காரர். பசையைப் பிரிப்பதற்கு முன் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, முதலாளி போனில் பேசப் போன நேரம் பார்த்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, தரை இன்னும் பச்சையா இருக்குக்கா. இன்னிக்கு வேண்டாம்னு நீங்களே சொல்லிருங்க." நான் சொன்னேன். முதலாளி வந்து, நாங்கள் இருபது வருடமாகச் செய்கிறோம், மேலே காய்ந்துவிட்டது, அடுத்த வேலை காத்திருக்கிறது, தள்ளிப்போட்டால் அடுத்த மாதம்தான் என்றார். வாடகை வீட்டைக் காலி செய்யும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. சரி என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு சரிக்காக இன்னும் வருத்தப்படுகிறேன்.

ஆறு வாரத்தில் சின்ன அறையில் ஒவ்வொரு பலகையும் ஓரம் தூக்கி நடு குழிந்து நின்றது, வெறுங்காலால் நடந்தால் ஒவ்வொரு விளிம்பும் தட்டுப்படும். கீழேயிருந்து ஏறிய ஈரத்தில் பலகையின் அடிப்பக்கம் ஊதிவிட்டது, மேல்பக்கம் ஏர்கானில் காய்ந்தது, வேறென்ன ஆகும். கடையில் கேட்டால் மரம் இயற்கைப் பொருள், அப்படித்தான் இருக்கும், ஈரத்தால் வரும் சேதம் உத்தரவாதத்தில் இல்லை என்று தாளைக் காட்டினார்கள். மூன்று மாதம் கடிதம் எழுதி, படம் அனுப்பி, கடைசியில் அந்த அறையின் கூலியை மட்டும் திருப்பித் தந்தார்கள். நல்லவேளை, வரவேற்பறையைப் போட விடாமல் அன்றைக்கே நிறுத்திவிட்டேன். அங்கே ஏழு வாரம் காயவிட்டு, ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் விட்டு, மறுநாள் பிரித்து அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் இல்லை என்று பார்த்த பிறகுதான் போடச் சொன்னேன். அங்கே இன்றுவரை ஒரு பலகை அசையவில்லை. ஒரே மரம், ஒரே பசை, ஒட்டியதும் அதே தம்பிதான். காத்திருந்த நாட்கள் மட்டும்தான் வேறு.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி, போடுவதற்கு முன் தரையின் ஈரத்தை எதை வைத்து அளப்பீர்கள், அந்த எண்ணை எனக்கு எழுதித் தருவீர்களா என்பது. கையை வைத்துப் பார்ப்போம் என்று பதில் வந்தால் வெளியே வந்துவிடுங்கள். கையை வைத்துப் பார்த்து உண்மையைச் சொல்ல எல்லாக் கடையிலும் ஒரு புதுக்கோட்டைத் தம்பி இருக்க மாட்டார்.

பழைய பார்க்கேயைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்கு மனசு லேசாகிறது. அதைப் பெயர்த்துப் போட்டுவிட்டு புதிதாகப் போடுங்கள் என்றுதான் நாலு கடையில் சொன்னார்கள். தரை இழைக்கும் ஒரு மலாய்க்காரப் பெரியவரை அக்கம்பக்கத்தில் சொல்லிக் கூட்டிவந்தோம். அவர் பெயர்ந்த ஒரு துண்டை எடுத்து ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டி முகர்ந்தார், என்னையும் முகரச் சொன்னார். தோலும் எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசம். தேக்கு. அளந்து பார்த்தால் 8 மில்லிமீட்டர், முழு மரம். நாற்பது வருடமாக மிதிபட்ட தேக்கு எங்கள் காலடியிலேயே இருந்திருக்கிறது, நான் அதைக் குப்பையில் போட இருந்தேன்.

மெஷின் முதல்முறை ஓடிய இடத்தில் கறுப்பு போய் உள்ளே இருந்த தங்கப் பழுப்பு வெளியே வந்தபோது அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பெயர்ந்த துண்டுகளை அதே மரத்தில் தேடி ஒட்டி, இடைவெளியை அதே மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, மூன்று தடவை வார்னிஷ். தூசியும் வாசனையும் இருக்கும், மூன்று நாள் வேறு இடத்தில் தங்குங்கள். செலவு சதுர அடிக்கு மூன்றரை வெள்ளி, இரண்டு அறைக்கும் சேர்த்து ஆயிரம் வெள்ளிக்குள் முடிந்தது. என்ஜினியர்ட் தேக்கு எனக்குப் போடுகூலியோடு சதுர அடி 13 வெள்ளி, எஸ்பிசி வினைலுக்குச் சொன்னது ஐந்தரை, முழுத் தேக்குக்கு 19. பழைய வீடு வாங்கி உள்ளே பார்க்கே இருந்தால், தயவுசெய்து முதலில் ஒரு துண்டைச் சுரண்டிப் பாருங்கள்.

அந்தப் பெரியவரிடமே சின்ன அறையையும் காட்டினேன். அவர் ஈரம் அளக்கும் கருவியைக் குத்திப் பார்த்துவிட்டு இப்போது இழைக்க மாட்டேன் என்றார். ஈரத்தோடு தூக்கி நிற்கும் ஓரத்தைச் சீவிவிட்டால், பிறகு பலகை காய்ந்து தட்டையாகும்போது நடு மேடாகிவிடுமாம். எட்டு மாதம் கழித்து வந்து, கருவியில் வரவேற்பறையின் ஈர அளவும் அந்த அறையின் ஈர அளவும் ஒன்றான பிறகுதான் இழைத்தார். மேல் மரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் போய்விட்டது. 4 இருந்ததால் அந்த அறை பிழைத்தது, 2 வாங்கியிருந்தால் அரை மில்லிமீட்டர்தான் மிஞ்சியிருக்கும்.

புழங்குவதைப் பற்றி. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றிக் கழுவி விடும் பழக்கம் இருந்தால் மரத்தரையை மறந்துவிடுங்கள், இல்லை பழக்கத்தை மாற்றுங்கள், இரண்டும் சேராது. அம்மாவுக்கு முதல் மூன்று மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது, ஈரம் காணாத தரை சுத்தமான தரையா என்பார். இப்போது நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து உடனே மின்விசிறி போடுகிறார். சாமி படத்துக்கு முன்னால் மட்டும் இரண்டடிக்கு மூன்றடி கிரானைட் பலகை ஒன்றைத் தரைமட்டத்துக்குப் பதித்துக்கொண்டோம், விளக்கெண்ணெய், சூடக்கரி, மஞ்சள், மாக்கோலம் எல்லாம் அதன்மேல்தான். வீட்டில் செய்ததிலேயே புத்திசாலித்தனமான வேலை அது என்று நினைக்கிறேன், யோசனை அம்மாவுடையது. செருப்பை வாசலில் விடும் பழக்கம் நமக்கு இருப்பது மரத்தரைக்குப் பெரிய கொடுப்பினை, மணல் உள்ளே வந்தால்தான் கீறல் அதிகம்.

மேல்பூச்சில் வரவேற்பறைக்கு எண்ணெய்ப் பூச்சு எடுத்தேன், அரக்கு மாதிரி பளபளக்கும் லாக்கர் வேண்டாம் என்றேன். லாக்கரில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கடினம். எண்ணெய்ப் பூச்சில் கீறிய இடத்தைத் தேய்த்து அங்கே மட்டும் மறுபடி பூசலாம், ஆனால் வருடத்துக்கு ஒருமுறை நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் பூச வேண்டும், அரை நாள் வேலை. போன தீபாவளிக்கு முன்னால் கிரைண்டர் குழவி கைதவறி விழுந்து தேக்கில் நல்ல குழி. மரம் பிளக்கவில்லை, அமுங்கித்தான் இருந்தது. ஈரத்துணியை மடித்து மேலே வைத்து சூடான இஸ்திரிப்பெட்டியைச் சில நொடி அழுத்தி எடுத்து, ஐந்தாறு தடவை செய்ததில் முக்கால்வாசி மேலே எழுந்துவிட்டது. அந்த இடத்தில் கொஞ்சம் எண்ணெய் பூசினேன். வினைலில் இது நடக்காது.

வீட்டில் கைக்குழந்தையும் நாயும் இருந்து, துடைக்க ஆள் இல்லாமல், ஐந்து வருடத்தில் வீட்டை விற்கும் எண்ணமும் இருந்தால் வினைல் போடுங்கள், நான் தடுக்க மாட்டேன். இருபது வருடம் இருக்கப் போகிற வீடு என்றால் 4 மில்லிமீட்டர் தேக்கு. முழுத் தேக்கு அடுக்குமாடிக்கு வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம், 50 மில்லிமீட்டர் எல்லையில் இடமும் இருக்காது, அசைவும் கூடுதல்.

வாங்கும்போது தேவைக்குமேல் பத்து சதவீதம் சேர்த்து வாங்குங்கள், வெட்டுச் சேதம் போக மிச்சம் இருக்கும். அடுத்த தடவை அதே கடையில் அதே பெயரில் கேட்டாலும் மரத்தின் நிறம் ஒத்துவராது. எங்களிடம் ஒன்றரைப் பெட்டி மிச்சம், கட்டிலுக்கு அடியில் தட்டையாகக் கிடக்கிறது, பால்கனியில் வைக்காதீர்கள்.